கண்ணாடி மேல் துணி

பாரிஸ்,
8 அக்டோபர் 1961

அன்புள்ள அண்ணன் பிளேஸுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். ஒரு பல் போயிற்று. குரலும் காலும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. உன் முழங்கால் எப்படி? மாடுகள் மலையிலிருந்து இறங்கிவிட்டனவா? இதை உனக்குப் படித்துக் காட்டி, உன் பதிலையும் எழுதித் தரும் தபால்காரர் காஸிமிருக்கும் என் வணக்கம். அவர் குரலில் ஏறித்தானே நான் நம் வீட்டுக்குள் வரவேண்டியிருக்கிறது.

இரண்டு வருடமாக எழுதவில்லை. திங்கள் தவிர தினமும் நாடகம். பகலில் சினிமா. இதெல்லாம் சாக்கு என்று நீ சொல்வாய்.

இப்போது ஒரு படம் வந்திருக்கிறது. நம் பக்கத்து மலைக்காரக் கிழவன் ஒருவன், மாடு வளர்ப்பவன். பாதிப் படத்தில் மனைவி இறந்துபோகிறாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துகிறான். அதன்பின் அவன் ஏதோ செய்கிறான். என்ன செய்கிறான் என்று கதை எழுதியவருக்கும் தெரியவில்லை, இயக்குநருக்கும் தெரியவில்லை. "நீங்க அந்த ஊர்க்காரர்தானே ஐயா, நீங்களே சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அண்ணா, கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். மர்சலீனை அடக்கம் செய்துவிட்டு வந்து, கதவைச் சாத்திய பிறகு நீ என்ன செய்தாய்?

புகையிலை அனுப்பியிருக்கிறேன். குளிரில் கம்பளிச் சட்டையைக் கழற்றாதே.

உன் தம்பி
லூசியேன்


லவேர்ஞ்,
12 நவம்பர் 1961

தம்பி லூசியேனுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முழங்கால் மட்டும் எனக்கு முன்னால் போய்ச் சேரப் பார்க்கிறது. மாடுகள் இறங்கிவிட்டன. புகையிலை வந்தது. காஸிமிருக்குப் பாதி கொடுத்தேன். கடிதத்தை இரண்டு தரம் படித்த கூலி. எனக்கு ஒரு தரமே போதும், அவனுக்குத்தான் ஆசை. எழுத்து தெரிந்தவர்கள் தங்கள் ஞாபகத்தைத் தாளில் இறக்கி வைத்துவிட்டுக் கைவீசிப் போகிறீர்கள். எனக்கு இறக்கி வைக்க இடமில்லை, எல்லாவற்றையும் தலையிலேயே சுமக்கிறேன். கேட்டுக்கொள்.

எனக்கும் மர்சலீனுக்கும் கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள், சூப்பு அடுப்பில் இருக்கும்போதே கிளம்பி அந்தக் கூத்தாடிகள் வண்டியில் ஏறினாய். சாப்பிட்டுவிட்டுப் போ என்று மர்சலீன் வாசல்வரை வந்தாள். நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் ஊராகக் களஞ்சியத்தில் ஆடினாய். பாரிஸில் வருடக்கணக்காய் ஈட்டி பிடித்து நின்றாய். "குதிரைகள் தயார், பிரபு" என்று ஒரே ஒரு வாக்கியம் கொடுத்தார்கள் என்று பெருமையாக எழுதினாய். ஷாசான் என்ற நம் அப்பா பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு வால்மோர் என்று ஒன்றை மாட்டிக்கொண்டாய்.

பிறகு பேசும் படம் வந்தது. முய்ரா ஊர்க் கொட்டகையில் உன் முதல் படத்தை நானும் மர்சலீனும் பார்த்தோம். நீ வண்டிக்காரனாக வந்தாய். வலது தோளைச் சாய்த்து, குதிகாலை இழுத்து நடந்தாய். போரில் குண்டு பட்டதால் எனக்கு வந்த நடை அது! உனக்கு எந்தக் குண்டு பட்டது? அடுத்ததில் மில்காரன், ரொட்டியை மார்பில் அணைத்து அறுத்தாய், என்னைப் போல. அடுத்ததில் நீதிபதி, அங்கியைப் போட்டுக்கொண்டு என் இருமலை இருமினாய். பெரிய நாடக அரங்கில் ராஜாவாக நடித்தபோது, ராஜா பைத்தியம் பிடித்து உட்கார்ந்த விதம் என் உட்காரல் என்று போட்டோவிலேயே தெரிந்தது. கைதட்டல் உனக்கு.

போன வாரம் சந்தையில் ஒரு மாட்டுத் தரகன், புதுப் பையன், கேட்கிறான்: "என்ன பெரியவரே, சினிமாக்காரர் வால்மோர் மாதிரியே நடக்கறீங்க? வீட்ல கண்ணாடி முன்னாடி நடந்து நடந்து பழகினீங்களா?" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் போர்முனைச் சேற்றில் கிடந்த நான்கு வருடமும் நீ என் மாமனார் சவரக் கடையில் சூடாகக் கிண்ணம் பிடித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கும் சுகம் உனக்குத்தான்.

கதவைச் சாத்திய பிறகு நடந்தது என்னோடது. அது ஒன்றுதான் மிச்சம். தர மாட்டேன்.

அங்கே பனி விழுந்தால் படியில் பார்த்து நட.

அண்ணன் பிளேஸ்


பாரிஸ்,
20 டிசம்பர் 1961

அன்புள்ள அண்ணா,

பண்டிகை வாழ்த்து. எனக்குச் சளி, உனக்கு இல்லாமல் இருக்கட்டும்.

நீ சொன்னது எல்லாம் சரி. ஒன்றைக்கூட மறுக்கப்போவதில்லை. மேடையில் முதல்முதலாக ஒரு முழு மனிதனாக நடக்கச் சொன்னபோது எனக்கு நடக்கத் தெரியவில்லை. ஈட்டி பிடித்தவனுக்கு நிற்கத்தானே தெரியும். "உனக்குத் தெரிஞ்ச ஒரு ஆம்பளைய நெனச்சிக்கிட்டு நடடா" என்று கத்தினார் முதலாளி. எனக்குத் தெரிந்த ஆம்பளை ஒருவன்தான். அன்றிலிருந்து உன்னைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறேன். விமர்சகர்கள் 'வால்மோரின் நடை' என்று எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும்; பேப்பரை மடித்துவிடுவேன்.

உனக்கு நிலம், மாடு, சூப்பு, அதைக் கொடுக்க ஒரு கை. எனக்கு ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவனின் வீடு, அட்டையில் செய்தது. பொறாமை உனக்கு மட்டும்தான் என்று நினைத்தாயா?

அந்த ஒரு காட்சியை மட்டும் சொல். இது என் கடைசிப் பெரிய வேடமாக இருக்கலாம். மருத்துவர் படி ஏறாதே என்கிறார்.

காஸிமிர் வீட்டில் எல்லோரும் நலமா?

லூசியேன்


லவேர்ஞ்,
21 ஜனவரி 1962

தம்பிக்கு,

சளி இல்லை. இருந்தாலும் உன்னிடம் சொல்ல மாட்டேன், அதையும் எடுத்து நடித்துவிடுவாய்.

இந்த வரியை எழுத வேண்டாம் என்கிறான் காஸிமிர். "பாவம் பெரியவரே, அவருக்கு நெஞ்சுல கோளாறு போலிருக்கு." "பேனா உன்னுது, வாய் என்னுது. எழுது" என்றேன். எழுதுகிறான்.

பொறாமை என்கிறாயே, அடக்கத்துக்கு வந்தாயா? அன்றிரவு நாடகம் என்று தந்தி. ஒரு மலர்வளையம் வந்தது. முழுக்க ரோஜா! ஊரே சாமந்தியும் கார்னேஷனும் வைத்திருக்க, நடனக்காரிக்கு அனுப்புகிற மாதிரி ரோஜா. பாதிரியாருக்கே முகம் சிவந்தது. அதையும் பெட்டியின் மேல் வைத்தேன்.

சரி, உனக்குக் காட்சி வேண்டும். வாங்கிக்கொள். வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்தினேன். சாவு வீடு என்று கண்ணாடி மேல் பக்கத்து வீட்டு ஸில்வி போட்டிருந்த துணியை உருவி எறிந்தேன். தண்ணீர் காய்ச்சினேன். கண்ணாடி முன் நின்று வழவழவென்று முகச்சவரம் செய்துகொண்டேன். சீழ்க்கை அடித்தேன். அவ்வளவுதான். போய் அதற்குக் கைதட்டு வாங்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிளேஸ்

(ஐயா, இது காஸிமிர். உங்கள் அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் அடியில் எழுதுகிறேன். அடுப்புக்கு விறகு போடப் போயிருக்கிறார். சவரம் செய்தேன் என்பது பச்சைப் பொய். மர்சலீன் அக்கா இருந்தவரை சனிக்கிழமைதோறும் அவர்தான் இவருக்குச் சவரம் செய்வார். கூடத்து நாற்காலியில் இவர் கண்ணை மூடிக்கொண்டு அடுப்போரப் பூனை மாதிரி கிடப்பார். அக்கா இறந்த ஆகஸ்டிலிருந்து அந்த நவம்பர்வரை தாடியோடு திரிந்தார். துணியையும் இவர் எடுக்கவில்லை. ஸில்விதான் பிற்பாடு வந்து எடுத்தாள். சாவு வீட்டில் கண்ணாடித் துணியை உருவினார் என்று படம் காட்டினால் இங்கே யாரும் இவரோடு பேச மாட்டார்கள். காலடி கேட்கிறது. நிறுத்துகிறேன்.)


பாரிஸ்,
15 பிப்ரவரி 1962

அன்புள்ள அண்ணா,

நலம். சொன்னதற்கு நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். கத்தி எது? மாமனார் கடையில் இருந்த எலும்புப் பிடி போட்டதா? அது இன்னும் வீட்டில் இருந்தால், படப்பிடிப்புக்கு மட்டும் அனுப்ப முடியுமா? பத்திரமாகத் திருப்பி விடுவேன்.

ரோஜாவைப் பற்றிக் கேட்டாய். நாடகக்காரர்கள் வழக்கம் அது. ஒரு நடிகைக்குக் கார்னேஷன் அனுப்பினால், உன் ஒப்பந்தம் முடிந்தது, போய் வா என்று அர்த்தம். ரோஜா அனுப்பினால், போகாதே, இரு என்று அர்த்தம். கைப்பழக்கத்தில் அனுப்பிவிட்டேன். பாதிரியாரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

முழங்காலுக்குச் சூடான தவிடு ஒத்தடம் கொடு.

லூசியேன்


லவேர்ஞ்,
11 மார்ச் 1962

தம்பிக்கு,

நலம். தவிடு மாட்டுக்கே போதவில்லை.

அந்தக் கத்திதான். அனுப்ப முடியாது. அது இந்த வீட்டைவிட்டு வெளியே போகாது. பாரிஸில் கத்திக்கா பஞ்சம்? நடையையும் இருமலையும் எடுத்தபோது அனுமதி கேட்டாயா? இதையும் அப்படியே எப்படியாவது செய்துகொள்.

இப்போது நான் முய்ராவில் சந்தை நாளன்று சவரம் செய்துகொள்கிறேன். அந்தப் பையன் கோழி உரிக்கிற மாதிரி உரிக்கிறான். மேல்மலையில் இன்னும் பனி கிடக்கிறது. ஒரு கிடாரி கன்று போட்டது, வயிற்றில் வெள்ளைப் புள்ளி.

பிளேஸ்


பாரிஸ்,
2 ஜூன் 1962

அன்புள்ள அண்ணா,

நான் நலமே. நீயும் அப்படியே என்று நம்புகிறேன். மார்ச்சுக்குப் பிறகு உன் கடிதம் வராததால் கேட்கிறேன்.

படப்பிடிப்பு முடிந்தது. அந்தக் காட்சியை ஒரே தடவைதான் செய்தேன். இயக்குநர் இன்னொரு தரம் வேண்டுமென்றார். "ஐயா, கொஞ்சம் நிதானமா, இன்னும் கொஞ்சம் அழுகையோட" என்றார். நான் முகம் கழுவிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடத் தொழிலில் இயக்குநர் சொல்லைத் தட்டியது இதுதான் முதல் தடவை.

இலையுதிர் காலத்தில் முய்ராவுக்கு வரும் என்கிறார்கள். நீ பார்க்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வெள்ளைப் புள்ளிக் கன்று எப்படி இருக்கிறது?

லூசியேன்


லவேர்ஞ்,
30 செப்டம்பர் 1962

தம்பிக்கு,

கன்று கொழுத்துவிட்டது. நான் இளைத்துவிட்டேன்.

உன் கடிதத்துக்கு வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. அறுவடை என்று காஸிமிர் எழுதச் சொல்கிறான்; பொய் வேண்டாம். பேப்பரில் எல்லாம் உன் முகம். பாரிஸில் படம் பார்த்தவர்கள் எழுந்து நின்று அழுதார்களாம். மேயர் பள்ளிக்கூடக் கூடத்துக்கு உன் பெயர் வைக்கிறார். எந்தப் பெயர் என்று கேட்டேன். "வால்மோர்தான், அதத்தானே உலகத்துக்குத் தெரியும்" என்றார். ஷாசான் குடும்பம் முந்நூறு வருடம் இந்த மண்ணைக் கொத்தியது யாருக்கும் தெரியாது.

ஒரு பத்திரிகைக்காரி வந்தாள். குட்டைப் பாவாடை, சாணியில் கால் வைத்துவிட்டாள். "தாத்தா, உங்க தம்பி கிட்டேருந்து நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?" என்றாள். வாளியைக் கையில் கொடுத்து, "காலக் கழுவிட்டுக் கிளம்பும்மா" என்றேன். அதை எழுதி, கீழே 'அண்ணனும் பிறவி நடிகர்' என்று போட்டிருக்கிறாளாம். காஸிமிர் படித்துவிட்டுச் சிரிக்கிறான், நாய்.

படத்தைப் பார்க்கப் போவேன். நான் சொன்னதைச் செய்து நீ என்ன வாங்கிக்கொண்டாய் என்று பார்க்கவேண்டும்.

நெஞ்சு எப்படி?

பிளேஸ்


லவேர்ஞ்,
18 நவம்பர் 1962

லூசியேன்,

நீ சுகமா என்று கடைசியில் கேட்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையிலேயே நின்றுவிடும்.

நேற்று போனோம். நானும் காஸிமிரும் ஸில்வியும். ஊரே கொட்டகையில் இருந்தது. நீ வந்தாய், என் நடையில். மாடு கறந்தாய், என் முதுகோடு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் செத்தாள், அடக்கம் முடிந்தது, நீ கதவைச் சாத்தினாய்.

உன் கை கண்ணாடித் துணிக்குப் போனது. ஸில்வி, "ஐயையோ, உருவப்போறான்டி மாதா" என்று என் கையைப் பிடித்தாள். எனக்கு வேர்த்தது. நான் சொன்ன பொய் அது. அதை நீ நம்பியிருந்தால் நான் இந்த ஊரில் தலை காட்ட முடியாது.

நீ உருவவில்லை. மடிப்பைத் தடவி நேராக்கினாய். பிறகு தண்ணீர் காய்ச்சி, நுரை பூசி, அந்த வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டே சவரத்துக்கு நின்றாய். உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவேண்டும். காஸிமிர் இந்த வரியைத் தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறான், ஆகவே கேட்கவில்லை.

அப்புறம் நீ கத்தியை இடது கைக்கு மாற்றினாய்.

கத்தியின் முதுகால் கிண்ண விளிம்பில் இரண்டு தட்டு. கன்னத்துக்கு ஒரு ஊது. சுண்டுவிரலால் காது மடலை மேலே தள்ளிக்கொண்டு, காதோரத்திலிருந்து கீழே ஒரே இழுப்பு. தொண்டைக்கு வரும்போது கை ஒரு கணம் நின்று யோசித்தது.

ஸில்வி, "இதென்ன, லூசியேன் எப்பலேர்ந்து எடக்கையா போனான்?" என்றாள். யாருக்கும் தெரியவில்லை. என் முகத்துக்குத் தெரிந்தது. உட்கார்ந்த இடத்திலேயே, கத்திக்குக் காட்டுவது போல என் கன்னம் இழுத்துக்கொண்டது.

லூசியேன், அவளுடைய அப்பாவைப் போருக்குக் கூப்பிட்டுக்கொண்டபோது மர்சலீன் கத்தியை எடுத்து ஊர்க் கிழவர்களுக்கெல்லாம் சவரம் செய்தாள் என்று எனக்குத் தெரியும். நீ பக்கத்தில் கிண்ணம் பிடித்தாய் என்று தெரியும். நாற்பது வருடம் அந்த இடது கையை என் முகத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். சூடான துணி, சோப்பு வாசனை, ஒரு வாரத்து அலுப்பு. அவள் பக்கத்தில் வந்ததும் கண்ணை மூடிவிடுவேன். ஒரு சனிக்கிழமைகூடத் திறந்து பார்த்ததில்லை.

மேலுதட்டுக்கு வந்தபோது நீ நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டாய். அது உன் பழக்கம் இல்லை. என் பழக்கமும் இல்லை. என் பெண்டாட்டி சவரம் செய்யும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்பது எனக்குத் தெரியாது. கிண்ணம் பிடித்த பயலுக்குத் தெரிந்திருக்கிறது. மோதிரம் போட்டவனுக்குத் தெரியவில்லை. கொட்டகையில் எல்லோரோடும் உட்கார்ந்து, டிக்கெட் வாங்கிக்கொண்டு, முதல்முதலாகப் பார்த்தேன்.

நீ என் நடையை எடுத்தாய் என்று இத்தனை வருடம் புகைந்தேன். போகட்டும், நடையை வைத்துக்கொள். இருமலையும் வைத்துக்கொள். இது நீ என்னிடமிருந்து எடுத்தது இல்லை. இதுதான் எரிகிறது. ராத்திரி முழுக்கப் படுக்கையில் எரிந்தது. கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள் சூப்பு குடிக்காமல் போனதைப் பற்றி இனி எழுத மாட்டேன். ஒன்றும் கேட்கவும் மாட்டேன். நீயும் சொல்லாதே.

நீ கேட்டதற்குப் பதில் மட்டும் பாக்கி. வீட்டுக்கு வந்தேன், கதவைச் சாத்தினேன். அன்றைக்குச் சனிக்கிழமை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டேன். இருட்டியது. அவ்வளவுதான். இதை நீ நடிக்க முடியாது, இதில் நடிக்க ஒன்றும் இல்லை.

காஸிமிர் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறான். "தாள் நனையப்போவுது, தொடச்சிட்டு எழுதுடா" என்றேன்.

நெஞ்சு எப்படி இருக்கிறது? படி ஏறக்கூடாது என்றார்களே; இந்த வீட்டில் படி இல்லை. வருகிற சனிக்கிழமைக்கு வா. நாடகம் கீடகம் என்று தந்தி அடிக்காதே. எலும்புப் பிடிக் கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன். சந்தைப் பையனிடம் இந்த வாரம் போகவில்லை, முகமெல்லாம் முள். நாற்காலியை ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டிருக்கிறேன். தண்ணீர் நான் காய்ச்சுகிறேன். நீ இடது கையால் செய்.

கண்ணை மூட மாட்டேன்.

உன் அண்ணன்
பிளேஸ் ஷாசான்